வால்யூமைக் குறைக்கத் தெரிந்த பெட்டி

போன வாரம் வேப்பம்பட்டு வீட்டு ஸ்பீக்கர் படத்தைப் போட்டதும், மெடிக்கல் சந்தேகத்தையெல்லாம் ஓரமா வெச்சுட்டுப் பாதிப் பேர் ஒரே கேள்விதான் கேட்டீங்க. "டாக்டர், ஆம்ப்ளிஃபையர் மேல ஒரு அலுமினிய டப்பா இருக்கே, அதுல ஒரே ஒரு திருகு. கரண்ட் ஒயரைக் காணோம். என்ன அது?"

அதுக்குப் பேர் பாசிவ் வால்யூம் கண்ட்ரோல். சத்தத்தைக் குறைக்க மட்டும் தெரிந்த பெட்டி. கூட்டத் தெரியாது.

இழை கொஞ்சம் நீளம். ஆடியோ பைத்தியங்களுக்கு மட்டும்னு நினைச்சுத் தாண்டிப் போயிடாதீங்க. வீட்டுல டிவி சத்தத்துக்கு சண்டை வர்ற எல்லாருக்கும்தான்.

வார்டுல ட்ரிப்ஸ் ஏத்துறதைப் பார்த்திருப்பீங்க. பாட்டில் மேலே ஸ்டாண்டில் தொங்கும். குழாயில் ஒரு சின்ன ரோலர். சிஸ்டர் அதை உருட்டினால் சொட்டு குறையும், கூடும். அந்த ரோலருக்கு மோட்டார் கிடையாது, பேட்டரி கிடையாது. பாட்டில் உயரத்தில் இருப்பதால் ஒரு அழுத்தம் வருது, ரோலர் அதைத் தடுக்குது. முழுசா திறந்துவிட்டாலும் பாட்டில் கொடுக்கிற வேகத்துக்கு மேல் ஒரு சொட்டுகூட வராது. ஐ.சி.யு.வில் இருக்கிற இன்ஃப்யூஷன் பம்ப் வேற ரகம். அது மோட்டார் வெச்சுத் தள்ளும்.

பாசிவ் வால்யூம் என்பது ரோலர். ப்ரீஆம்ப் என்பது பம்ப்.

அப்போ பம்ப் எதுக்கு வந்தது? பழைய இசைத்தட்டு காலத்தில் முள்ளிலிருந்து வரும் மின்சாரம் சுமார் 5 மில்லிவோல்ட்தான். அதைத் தள்ளிப் பெரிசாக்கினால்தான் ஆம்ப்ளிஃபையருக்கே காது கேட்கும். 1982-ல் சிடி வந்தது. சிடி பிளேயர் கொடுப்பது 2 வோல்ட். கிட்டத்தட்ட 400 மடங்கு. இன்னைக்குப் போன் பாட்டை ஸ்பீக்கருக்குக் கொண்டுபோகிற சின்ன டிஏசி பெட்டிகளும் பெரும்பாலும் அதே 2 வோல்ட்தான். ஆனா ஆம்ப்ளிஃபையர் செய்றவங்க இன்னமும் முள்ளு காலத்து ஞாபகத்துலயே நிறைய பெருக்கத்தை உள்ளே வெச்சிருக்காங்க.

கணக்கு போட்டுப் பார்ப்போம். கணக்குன்னு சொன்னதும் ஓடாதீங்க, எட்டாம் கிளாஸ் கணக்குதான்.

சாதாரண பவர் ஆம்ப் உள்ளே வருவதை 20 மடங்கு பெருக்கும்னு வைங்க. 2 வோல்ட் போனால் 40 வோல்ட் வரணும். 8 ஓம் ஸ்பீக்கரில் அது 200 வாட். நம்ம வீட்டு ஆம்ப்போ 50 வாட். அதுக்கு 1 வோல்ட் போதும். அதாவது திருகைத் தொடும் முன்னாலேயே தேவைக்கு இரண்டு மடங்கு வந்து நிற்குது.

இப்போ நாம உண்மையில் கேட்கும் அளவுக்கு வருவோம். பத்துக்குப் பத்து ரூமில் ராத்திரி பாட்டுக்கு ஸ்பீக்கர் முன்னால் 65 டெசிபெல் தாராளம். 87 டெசிபெல் திறன் உள்ள ஸ்பீக்கருக்கு அதுக்கு ஆகும் செலவு ஒரு வாட்டில் நூற்றைம்பதில் ஒரு பங்கு. ஆம்ப்ளிஃபையர் வாசலில் வேண்டியது வெறும் 11 மில்லிவோல்ட். 2 வோல்ட்டை 11 மில்லிவோல்ட்டாகக் குறைக்கணும். சுமார் 45 டெசிபெல் குறைப்பு. திருகு சுற்றும் மொத்த வட்டத்தில் அந்த இடம் எங்கே இருக்கும்? அடியிலேயே, ஆரம்பித்த உடனே. ஒரு நூல் திருப்பினால் ஒண்ணும் கேட்காது, இன்னொரு நூல் திருப்பினால் பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்ப்பார்.

நம்ம ஊர் அசெம்பிள் செட்டுகளில் இது இன்னும் மோசம். எல்ஏ4440 ஐசி போட்ட செட் கேட்காதவங்க தமிழ்நாட்டில் உண்டா? ஆட்டோவில், டீக்கடையில், கோயில் கொடைக்கு வந்த வேனில் எல்லாம் அதுதான். அந்த ஐசியின் பெருக்கம் 50 டெசிபெல்லுக்கும் மேல், 300 மடங்கைத் தாண்டும். அதன் வாசலில் ரேடியோ மெக்கானிக் என்ன வைப்பார்? "50 கே வால்யூம் கண்ட்ரோல்" ஒண்ணு, அவ்வளவுதான். வெளிநாட்டுப் பத்திரிகைகளில் பாசிவ் ப்ரீஆம்ப்னு பெரிய பேர் வெச்சு, தடிமனான அலுமினியத்தில் செதுக்கி, சில லட்சத்துக்கு விற்கிற சாமானின் உள்ளேயும் தத்துவம் அதேதான். நம்ம மெக்கானிக்குகளுக்கு அதுக்குப் பேர் வைக்கத் தோணலை.

சரி, இதில் டாக்டருக்கு என்ன வேலை? இங்கேதான் அப்பா வருகிறார்.

அப்பா காக்களூர் பக்கம் ஒரு பிரஸ் ஷாப்பில் 26 வருஷம். தகடு வெட்டும் பவர் பிரஸ். காதில் பஞ்சு வெச்சுக்கிட்டாத்தான் உண்டு, கம்பெனி ஒண்ணும் கொடுக்கலை. பவர் பிரஸ் பக்கத்தில் சத்தம் 95 டெசிபெல்லைத் தாண்டுவது சாதாரணம். 8 மணி நேர ஷிஃப்ட்டுக்கு 85 டெசிபெல்தான் எல்லை, அதுக்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபெல் ஏறும்போதும் நேரத்தைப் பாதியாகக் குறைக்கணும் என்பது தொழில் மருத்துவத்தில் பலரும் பின்பற்றும் கணக்கு. அதன்படி 94 டெசிபெல்லில் ஒரு மணி நேரம்தான் நிற்கலாம். அப்பா ஓவர்டைம் பார்த்தவர்.

சத்தத்தால் வரும் காது கேளாமை, அவர் வேலை பார்த்த காலத்தில் நடப்பில் இருந்த 1948-ம் வருஷத் தொழிற்சாலைகள் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையில் உள்ள நோய். பார்க்கும் டாக்டர் தொழிற்சாலை ஆய்வாளருக்குத் தெரிவிக்க வேண்டிய நோய். கும்மிடிப்பூண்டி, திருவள்ளூர் சுற்றுவட்டாரத்திலிருந்து ஓ.பி.க்கு வரும் ஐம்பது வயசுக்காரர்களிடம் "காது எப்படி இருக்கு?"னு கேட்டா, "அது வயசாயிடுச்சு சார்"னு சிரிச்சுட்டுப் போறாங்க. பிரஷருக்கு மாத்திரை வாங்க வந்தவங்க அவங்க. காதை யாரும் நோயாவே எடுத்துக்கிறதில்லை.

அப்பாவின் ஆடியோகிராம் பாடப்புத்தகத்தில் வரைந்த மாதிரி இருக்கும். 4000 ஹெர்ட்ஸ் பக்கத்தில் ஒரு பள்ளம். சத்தத்தில் வேலை பார்த்த காதின் கையெழுத்து அது. கட்டு, தட்டு, பட்டு மூணும் அவருக்கு ஒண்ணுதான். உயிரெழுத்து கேட்கும், மெய்யெழுத்து நழுவும்.

நான் ஈ.என்.டி. ஸ்பெஷலிஸ்ட் இல்லைங்க, எம்.பி.பி.எஸ். தான். ஆனா இந்த அடுத்த விஷயம் எல்லாருக்கும் தெரிய வேண்டியது.

உள்காதில், நத்தைக் கூடு மாதிரி சுருண்ட எலும்புக்குள் இரண்டு வகை மயிர்ச் செல்கள். உள்வரிசை ஒரு காதுக்கு சுமார் 3,500. அவைதான் மூளைக்குச் செய்தி அனுப்புபவை. வெளிவரிசை சுமார் 12,000. இவை சத்தத்துக்கு ஏற்ப நீண்டு சுருங்கி, மெல்லிய ஒலியைப் பெரிசாக்கி உள்வரிசைக்குக் கொடுக்கின்றன. ஆமாம், ஆண்டவன் நம்ம காதுக்குள்ளேயே ஒரு ப்ரீஆம்ப் வெச்சிருக்கான். அதன் அழகு என்னன்னா, மெல்லிய ஒலியைத்தான் நிறைய பெருக்கும். பலத்த ஒலியைக் கிட்டத்தட்ட அப்படியே விட்டுவிடும்.

சத்தத்தில் முதலில் சாவது இந்த வெளிவரிசைதான். செத்தால் திரும்ப முளைக்காது.

அதனால் என்ன ஆகுதுன்னா, மெல்லிய ஒலி காணாமல் போகும். ஆனால் பலத்த ஒலி பழையபடி பலமாகவே கேட்கும். உங்களுக்கும் எனக்கும் ஒண்ணுமே கேட்காத இடத்துக்கும் சத்தம் தாங்க முடியாம போற இடத்துக்கும் நடுவே 100 டெசிபெல் மைதானம் இருக்கு. அப்பா மாதிரி ஒருத்தருக்குக் கேட்கவே 55 டெசிபெல்லில்தான் ஆரம்பம்னு வைங்க. தாங்க முடியாத எல்லை அதே 100-லதான். 45 டெசிபெல் சந்துக்குள்ள எல்லாத்தையும் கேட்டாகணும். இதை ரெக்ரூட்மெண்ட்னு சொல்வோம். "சத்தமா பேசு"ன்னு சொல்ற தாத்தா, சத்தமா பேசினா "ஏன்டா கத்துற"ன்னு கோபப்படுறது இதனாலதான். அவர் வேணும்னே பண்ணலை.

இப்போ அந்தத் திருகை யோசிச்சுப் பாருங்க. ஒரு நூல் திருப்பினா கேட்கலை, அடுத்த நூலுக்கு அலறுது. நல்ல காதுக்கே எரிச்சல். சந்துக்குள் வாழும் காதுக்கு அது வேலைக்கே ஆகாது.

இன்னொரு கொடுமையும் உண்டு. விலை குறைந்த வால்யூம் கண்ட்ரோல்களில் இடது, வலது இரண்டு தடங்களும் அடிப்பகுதியில் ஒத்துப்போகாது. 3 டெசிபெல் வித்தியாசமெல்லாம் சகஜம். முழுசா ஏத்தினா சரியாயிடும், குறைச்சா பாடகர் ஒரு பக்கமா நகர்ந்து போயிடுவார். ஸ்டீரியோவுக்குப் பேர் வாங்கிய படம் 1978-ல் வந்த 'ப்ரியா'. அந்தப் பாட்டுன்னா அப்பாவுக்கு உயிர். அவருக்கு இடது காது ஏற்கெனவே கொஞ்சம் மட்டம். நம்ம அசெம்பிள் செட்டும் குறைச்ச வால்யூமில் இடது பக்கத்தைத்தான் முழுங்கும். வீடு ஸ்டேஷன் பக்கம் வேற. அரக்கோணம் லைனில் ராத்திரி பூரா வண்டி. எக்ஸ்பிரஸ் போகும்போது ஏத்துவார், போனதும் இறக்க மறப்பார், தொட்டிலில் பாப்பா எழுந்துடும், வீட்டில் பேச்சு ஆரம்பிக்கும். கொஞ்ச நாளில் அவர் பாட்டுக் கேட்பதையே விட்டுட்டார். "விடுடா, பழைய பாட்டுதானே"ன்னார்.

காது கேட்காத பெரியவங்க இப்படித்தான் ஒவ்வொண்ணா விடுவாங்க. முதல்ல பாட்டு, அப்புறம் போன், அப்புறம் கல்யாண வீடு. அதைப் பார்த்துக்கிட்டு சும்மா இருக்க முடியலை.

குழந்தைகள் வார்டில் இதுக்குப் பதில் ரொம்ப நாளா இருக்கு. பெரியவங்க ட்ரிப் செட்டில் ஒரு மில்லிக்கு 20 சொட்டு. பச்சைக் குழந்தைக்கு அதை வெச்சா ரோலரை மயிரிழை நகர்த்தினாலும் அளவு தாறுமாறா மாறும். அதனால் மைக்ரோ செட், ஒரு மில்லிக்கு 60 சொட்டு. அதே ரோலர், அதே கை. சொட்டு சின்னதானதும் கட்டுப்பாடு வந்துடுது. சத்தத்துக்கும் அதையே செய்யணும். முதலில் மொத்தமா ஒரு பங்கு குறைச்சுட்டு, மிச்சத்தைச் சின்னச் சின்ன படியாப் பிரிக்கணும்.

டப்பாவுக்குள்ளே இருப்பது அதுதான். ரிச்சி தெருவில் வாங்கின இரண்டு தட்டு, 12 இடம் உள்ள ரோட்டரி சுவிட்ச் ஒண்ணு. ஒரு பக்கத்துக்கு 13 வீதம் 26 மெட்டல் ஃபிலிம் ரெசிஸ்டர், எல்லாம் ஒரு சதவீத ரகம். நாலு ஆர்சிஏ சாக்கெட். 500 ரூபாய்க்குள் முடிஞ்சது. மொத்த ரெசிஸ்டன்ஸ் 10 கே. முதல் ரெசிஸ்டர் மட்டும் பெரிசு, 9 கே பக்கம். அதுவே 20 டெசிபெல்லைத் தின்னுடும். மீதி 12-ம் சேர்ந்து 1 கே, ஒவ்வொரு இடத்துக்கும் 3 டெசிபெல் வித்தியாசம் வர்ற மாதிரி. ஆம்ப்ளிஃபையரின் சொந்த வால்யூம் முழுசாத் திறந்து கிடக்கு, அதை இனி யாரும் தொட வேண்டாம். முழுசா ஏத்தின வால்யூம் கண்ட்ரோலில் இடது வலது பிசகும் போயிடுச்சு.

சுவிட்ச் வாங்கும்போது ஷார்ட்டிங் வகைன்னு கேட்டு வாங்குங்க. அடுத்த புள்ளியைத் தொட்ட பிறகே முந்தினதை விடும். மத்தது நடுவில் ஒரு கணம் தொங்கி 'டப்'புன்னு அடிக்கும்.

"டாக்டருக்குப் படிச்சிட்டு சால்டரிங் வெச்சுட்டு உக்காந்திருக்கான் பாரு"ன்னு அப்பா அம்மாகிட்ட சொன்னார். சொல்லிட்டு, டார்ச்சையும் அவர்தான் பிடிச்சார். டப்பாவில் ஓட்டை போட்டதும் அவர்தான், தகடு விஷயத்தில் அவர் கை நம்மகிட்ட வராது.

அவருக்குப் பிடிச்சது சத்தத்தைவிட அந்த க்ளிக். ஒவ்வொரு இடமும் விரலுக்குத் தெரியும். இருட்டில்கூட எண்ணலாம். காது பதில் சொல்லாதபோது விரல் சொல்லுது. பாப்பா தூங்கினா மூணு, சாதாரணமா எனக்கு நாலு, அவருக்கு ஏழு, எக்ஸ்பிரஸ் வந்தா எட்டு. போனதும் ஒண்ணு குறைக்கணும்னு நினைவு இருக்கு, ஏன்னா எண்ணி வெச்சிருக்கார். கடைசி இடத்துக்கே திருப்பினாலும் பிரச்சினை இல்லை. 2 வோல்ட் 0.2 ஆகி, ஆம்ப்பில் 4 வோல்ட் ஆகி, ஒரு ஸ்பீக்கருக்கு 2 வாட்டோட நின்னுடும். பாப்பா கையில் கிடைத்தாலும் அதுக்கு மேல் போகாது.

"போனிலேயே வால்யூமைக் குறைச்சுக்கலாமே"ன்னு கேட்பீங்க. குறைக்கலாம், இன்னைக்கு இருக்கிற டிஏசிகளில் பெரிசா தரம் போகாது. ஆனா ஆப் அப்டேட் ஆகி வால்யூம் முழுசுக்குப் போன ராத்திரிகள் பலருக்கு நினைவிருக்கும். ரெசிஸ்டருக்கு அப்டேட் கிடையாது.

பாசிவ் வால்யூம்னா ஒலி ரொம்பத் தூய்மையாகும், திரை விலகும்னெல்லாம் எழுதுவாங்க. எனக்கு அப்படி ஒண்ணும் விலகலை. நல்ல ப்ரீஆம்ப் இருந்தா அதுவும் தூய்மையாத்தான் இருக்கும். எனக்கு வேண்டியிருந்தது குறைஞ்ச சத்தத்தில் துல்லியம், அது கிடைச்சது. திரைக்கெல்லாம் லட்சம் கொடுக்காதீங்க.

இதுக்கு ஒரு பலவீனமும் உண்டு. தள்ளும் சக்தி இல்லாததால் நீளமான ஒயர் ஆகாது. 100 கே வால்யூம் கண்ட்ரோலைப் போட்டு, அஞ்சு மீட்டர் ஒயர் இழுத்தா, திருகு ஒரு குறிப்பிட்ட இடத்தில் நிற்கும்போது 13,000 ஹெர்ட்ஸுக்கு மேலே தேய ஆரம்பிச்சுடும். 10 கே போட்டு ஒரு மீட்டருக்குள் முடிச்சா 600 கிலோ ஹெர்ட்ஸ் வரைக்கும் கவலை இல்லை. அதனால டப்பா ஆம்ப் மேலேயே உட்கார்ந்திருக்கு. நீள ஒயர்தான் வேணும்னா நடுவில் ஒரு பஃபர் வேணும், பெருக்காம வெறுமனே தோள் கொடுக்கிற சர்க்யூட். நெல்சன் பாஸ் என்ற அமெரிக்க வடிவமைப்பாளர் பி1 என்ற பேரில் அப்படி ஒண்ணை வடிவமைத்து, வீட்டில் செய்றவங்களுக்காக சர்க்யூட்டையும் கொடுத்திருக்கிறார்.

செய்து பார்க்கப் போறவங்களுக்கு இரண்டு எச்சரிக்கை. இந்த டப்பா டிஏசிக்கும் ஆம்ப்புக்கும் நடுவே மட்டும்தான். ஆம்ப்புக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவே போட்டீங்கன்னா ரெசிஸ்டர் புகையும். ஆம்ப்ளிஃபையர் மூடியைத் திறந்து உள்ளே கை வைக்காதீங்க, பிளக்கைப் பிடுங்கின பிறகும் உள்ளே பெரிய கெபாசிட்டர்களில் மின்சாரம் நிற்கும். உள் வேலைன்னா மெக்கானிக்கிட்ட கொடுங்க.

அப்புறம், இந்த டப்பா வைத்தியம் இல்லை. வீட்டில் ஒருத்தர் டிவி சத்தத்தை ஏத்திக்கிட்டே போறார்னா, "ன்னா? ன்னா?"ன்னு ரெண்டு தடவை கேட்கிறார்னா, சண்டை போடாம அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை ஈ.என்.டி. ஓ.பி.க்குக் கூட்டிட்டுப் போங்க. ஆடியோமெட்ரி எடுப்பாங்க, ஊசி கிடையாது, வலி கிடையாது. பலருக்கு வெறும் காதழுக்கா இருக்கும், அன்னைக்கே சரியாகி வீட்டுக்கு வருவாங்க. அப்பா மாதிரி நரம்பு சம்பந்தப்பட்டதுன்னா காது மெஷின். அப்பாவும் பேச்சுக்கு மெஷின் போட்டுக்கிறார். பாட்டுக்கு மட்டும் கழற்றி வெச்சிடுறார். பல மெஷின்களின் சாதாரண செட்டிங் பேச்சுக்காகவே, வயலினைப் போட்டா அது கொஞ்சம் தகரமாக்கிடும். அடுத்த விசிட்டில் மியூசிக் புரோகிராம் வைக்க முடியுமான்னு ஆடியோலஜிஸ்ட்கிட்ட கேட்கணும்.

இப்போதைக்கு ராத்திரி பத்து மணிக்கு மேல் மூணாவது இடம். குடியிருப்புப் பகுதிக்கு ராத்திரி 10-லிருந்து காலை 6 வரை 45 டெசிபெல்னு 2000-ம் வருஷ ஒலி மாசு விதி சொல்லுது. எக்ஸ்பிரஸ்காரங்க அதைப் படிச்சதாத் தெரியலை.